பென்சில் எழுத்து

கீழ்க்கட்டளை,
18.6.2007

அன்புள்ள ஜேசன் அண்ணாவுக்கு,

ருக்ஸானா எழுதுகிறேன். புது ஊரும் புதுத் தொழிற்சாலையும் உங்களுக்கு ஒத்துக்கொண்டு, உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று துஆ செய்கிறேன். மஹீனும் நானும் இருக்கிறோம். அவளுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நான்காம் வகுப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை மெட்டில்டா அக்கா சேலையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "பசங்க படிப்பு மட்டும் இல்லன்னா நானும் அவரோட கெளம்பிப் போயிருப்பேன், ருக்கு" என்று கண் கலங்கினார்கள். உங்கள் முகவரியை அவர்களிடம்தான் வாங்கினேன்.

உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு அண்ணா. சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் அடக்கத்துக்கு வந்து ஓரமாக நின்றீர்கள் என்று என் கூடப்பிறந்த அயூப் அண்ணன் சொன்னான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை. உத்தராகண்டுக்கு மாற்றலாகிப் போவதைக்கூட வந்து சொல்லவில்லை. அவர் இருந்தவரை வாரம் தவறாமல் வந்தவர் நீங்கள்.

போன் போடாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகாமல் இத்தா இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்நிய ஆண்களோடு பேச்சும் கூடாது என்கிறாள் அயூப் அண்ணன் மனைவி பரிதா அண்ணி. இங்கேயே தங்கி எனக்குத் துணை இருக்கிறாள், அவளைப் பகைத்துக்கொள்ள முடியாது. கடிதம் எழுதினால் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. செப்டம்பர் பாதி வரை இந்த இரண்டு அறைதான் எனக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆல்பங்கள் வீணாகின்றன. போன மழையில் அலமாரிச் சுவர் ஊறியதில் நிக்காஹ் போட்டோக்கள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. சிலவற்றில் அவர் முகத்தின் மேலேயே பூஞ்சை. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிடலாம் என்றுதான் ரிச்சி தெருவில் அந்தப் பழைய ஸ்கேனரை வாங்கி வந்தார். நீங்களும் அவரும் எத்தனை ஞாயிறு அதோடு மல்லுக்கட்டினீர்கள்! லினக்ஸ் போட்டுக் கொடுத்ததே நீங்கள்தான். அதை ஓட வைக்க என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாக எழுதுங்கள். நான் பத்தாவது வரை படித்தவள். டைப்ரைட்டிங் லோயர் முடித்திருக்கிறேன். எழுதியதை எழுதியபடி செய்வேன்.

இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்கு யாருமே முழுதாகச் சொல்லவில்லை. "தகடு அமுக்கற பிரஸ்ல மாட்டிக்கிட்டாரு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் அந்த ஷிப்டில் சூப்பர்வைசர். நீங்கள் சொன்னால் தாங்கிக்கொள்வேன்.

உங்கள் தங்கை,
ருக்ஸானா


ருத்ரபூர்,
27.6.2007

அன்புத் தங்கை ருக்ஸானாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நீ வருத்தப்பட்டது நியாயம். உன் முகத்தையும் மஹீன் முகத்தையும் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லாமல் போய்விட்டது. ஐடிஐயில் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, பதினான்கு வருஷம் ஒரே டிபன் டப்பாவில் கை விட்டவர்கள் நானும் வாஜித்தும். இங்கே மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் கை இறங்க மாட்டேன் என்கிறது.

நீ கேட்ட அந்த நாளைப் பற்றி: நான் அப்போது ஆபீஸ் அறையில் இருந்தேன். சத்தம் கேட்டுத்தான் ஓடினேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவன் கஷ்டப்படவில்லை, ருக்ஸானா. ஒரு நிமிஷம்கூட இல்லை. அதை மட்டும் நம்பு.

இனி ஸ்கேனர். முதலில் அதைக் கவிழ்த்துப் பார். அடியில் ஒரு ஓரத்தில் பூட்டுப் படம் போட்ட சின்னத் திருகு இருக்கும். வண்டியில் கொண்டுபோகும்போது உள்ளே விளக்கு ஆடாமல் இருக்க அதைப் பூட்டுவார்கள். ஒரு காசை வைத்துத் திருப்பித் திறந்துவிடு. பூட்டியபடி ஓடவிட்டால் பல்சக்கரம் உடைந்துவிடும்.

பிறகு யுஎஸ்பி வயரைக் கணினியின் பின்பக்கம் செருகு. முன்பக்கத்துத் துளை ஆடுகிறது, வேண்டாம். கட்டளைகளை ஆங்கிலத்தில் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். கறுப்புத் திரையைத் திறந்து ஒவ்வொரு வரியாக அடி. புள்ளி, கோடு, இடைவெளி எதையும் விடாதே. லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு ஆட்கள். ஒன்றை இன்னொன்று என்று ஒப்புக்கொள்ளாது. நடுவில் கடவுச்சொல் கேட்கும். வாஜித் வைத்திருந்தது என் ஐடிஐ ரோல் நம்பர். அதையும் தாளில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்படாதே.

ஒரு முக்கியமான விஷயம். அந்த ஸ்கேனருக்குச் சொந்த நினைவு கிடையாது. ஒவ்வொரு முறை போடும்போதும் கணினிதான் அதற்கு ஒரு சின்னக் கோப்பை ஊட்டிவிட வேண்டும். அந்தக் கோப்பு, ஸ்கேனரோடு வந்த விண்டோஸ் சிடியில் இருக்கிறது. அதைக் கணினியில் பிரதி எடுத்து, அது இருக்கும் இடத்தை அமைப்புக் கோப்பில் ஒரு வரியாக எழுத வேண்டும். அந்த வரைக்கும்தான் நானும் அவனும் வந்திருந்தோம். சிடி கணினி மேஜையின் கீழ் இழுப்பறையில் இருக்கும். அவன் அதில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

தினமும் ஜெபத்தில் உங்களை நினைக்கிறேன்.

உன் அண்ணன்,
ஜேசன்


கீழ்க்கட்டளை,
9.7.2007

அன்புள்ள ஜேசன் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? அவர் கஷ்டப்படவில்லை என்று நீங்கள் எழுதிய வரியைப் பரிதா அண்ணியிடமும் படித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு கொஞ்சம் சாப்பிட முடிகிறது.

மஹீனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, காலை பத்து மணிக்கு மேல் கணினி முன்னால் உட்கார்கிறேன். கரண்ட் போகும் வரை எனக்கு அதுதான் வேலை. திருகைத் திறந்துவிட்டேன். வயர் செருகினேன். கறுப்புத் திரையில் நீங்கள் எழுதிய முதல் வரியை அடித்ததும் என்னென்னவோ ஓடி, கடைசியில் ஸ்கேனர் பெயரே வந்துவிட்டது. "அண்ணி, கண்டுபுடிச்சிடுச்சு!" என்று கத்திவிட்டேன். இத்தாவில் இருக்கிறவள் இப்படிக் கத்தலாமா என்று அவள் திட்டினாள்.

ஆனால் படம் எடுக்கப் போனால் வெள்ளை விளக்கு எரிந்து, அப்படியே நின்றுவிடுகிறது. கோப்பைத் திறக்க முடியவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்கிறது. நீங்கள் சொன்ன ஊட்டும் கோப்பாகத்தான் இருக்க வேண்டும்.

சிடி நீங்கள் சொன்ன இழுப்பறையில்தான் இருந்தது. அதை நான் இதுவரை திறந்ததே இல்லை. வயர்களுக்கு அடியில், அவர் கையெழுத்தில் ஒரு நோட்டும் இருந்தது அண்ணா. நாற்பது பக்க நோட்டு, அட்டையில் கிரீஸ் கறை. வேலை விட்டு வந்து குளித்ததும் அந்த மேஜையில் பத்து நிமிஷம் ஏதோ எழுதுவார். கணினிப் பாடம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பென்சில் எழுத்து, பாதி அழிந்திருக்கிறது. தேதி போட்டிருக்கிறார். பிரஸ் நம்பர், ரிலே, ஸ்பேர் என்று தொழில் சமாச்சாரம்தான். 'கர்ட்டன்' என்று பல இடத்தில் வருகிறது. அப்படியென்றால் என்ன? நம் வீட்டு ஜன்னல் திரை மாதிரியா?

பரிதா அண்ணி அதைக் கடைக்குக் கொண்டுபோய் ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்தாள். வெறும் கறுப்புப் புகைதான் வந்தது. ஸ்கேனர் ஓடினால் எழுத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாமாமே? மஹீனுக்கு அவள் அத்தாவின் கையெழுத்தாவது இருக்கட்டும்.

அமைப்புக் கோப்பில் எழுத வேண்டிய வரியைச் சீக்கிரம் எழுதி அனுப்புங்கள். தபால்காரர் மணி அடித்தால் மஹீன் எனக்கு முன்னால் ஓடுகிறாள்.

உங்கள் தங்கை,
ருக்ஸானா


ருத்ரபூர்,
30.7.2007

அன்புள்ள ருக்ஸானாவுக்கு,

பதில் எழுதத் தாமதம். புது லைன் போடுகிறார்கள், மூச்சு விட நேரமில்லை.

அந்த ஸ்கேனரை விட்டுவிடு. விசாரித்தேன். சிடியில் இருக்கும் கோப்பு அந்த மாடலுக்குப் பொருந்தாது. இனி எத்தனை நாள் உட்கார்ந்தாலும் ஓடாது. தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது நானே புதிதாக ஒன்று வாங்கி வந்து எல்லா போட்டோவையும் ஏற்றித் தருகிறேன். அதுவரை ஆல்பத்தை வெயிலில் காய வை.

கர்ட்டன் என்பது ஒன்றுமில்லை. தூசி படாமல் மெஷினுக்கு முன்னால் போடும் மறைப்பு.

அந்த நோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கம்பெனி மெஷின் விவரங்களை வீட்டில் வைத்திருப்பது விதிப்படி தப்பு. இப்போது யாராவது பார்த்தால் செத்துப்போனவன் மேல் இன்னொரு பழி வரும். அதைப் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பிவிடு. நான் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிடுகிறேன். அயூபிடமோ வேறு யாரிடமோ காட்டாதே. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

மஹீனை நன்றாகப் படிக்க வை.

ஜேசன்


கீழ்க்கட்டளை,
16.8.2007

அன்புள்ள ஜேசன் அண்ணாவுக்கு,

நோட்டை அனுப்பவில்லை. ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்கேனர் ஓடாது என்று நீங்கள் எழுதியதும் மனசு விட்டுப்போய்த்தான் மூடி வைத்தேன். நாலு நாள் போனது. பிறகு, உங்கள் பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டு அந்த அமைப்புக் கோப்பை நானே திறந்து பார்த்தேன். அதில் அவர் ஏற்கெனவே ஒரு வரி அடித்திருந்தார். சிடியிலிருந்து அவர் எடுத்து வைத்த கோப்பும் அந்த இடத்திலேயே இருந்தது. பெயரையும் வரியையும் விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். கோப்பின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்து. அவர் அடித்திருந்தது சின்ன எழுத்து. அவ்வளவுதான் அண்ணா. பெரிய எழுத்தாக மாற்றிச் சேமித்தேன். விளக்கு எரிந்தது, உள்ளே கர்ர்ரென்று நகர ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. என் நிக்காஹ் போட்டோ மேலிருந்து கீழாகத் திரையில் இறங்கி வந்தது. பூஞ்சையோடுதான். ஆனாலும் அவர் சிரிப்பது தெரிந்தது.

கோப்பு பொருந்தாது என்று உங்களிடம் யார் சொன்னது?

அன்றைக்கே நோட்டையும் ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்தேன். வெளிச்சத்தைக் குறைத்துக் கறுப்பைக் கூட்டக் கூட்ட, பென்சில் மேலே எழும்பி வந்தது. அவர் எழுதியதை அப்படியே கீழே பார்த்து எழுதுகிறேன்.

"ஏப். 19. நாலாம் நம்பர் பிரஸ். கர்ட்டன் சும்மா சும்மா டிரிப் ஆகுது. ரிசீவர் போச்சு. புதுசு கேட்டிருக்கேன்."

"ஏப். 21. ஜே, கர்ட்டன் நிறுத்தாம இருக்க வயர் போட்டு ஓட்டச் சொல்றான். முடியாதுன்னேன். நாளைக்கு ஞாயிறு, மாத்திடலாம் மச்சான்னான். போட்டேன்."

"ஏப். 28. ஸ்பேர் வரல. வயரை எடுத்துடலாம்னேன். டிஸ்பாட்ச் முடியட்டும்னான்."

"மே 11. நாலாவது தடவை சொல்லிட்டேன். சிரிக்கிறான். நாளைக்கு யாரையும் கேக்காம நானே பிடுங்கப்போறேன்."

கடைசிப் பக்கத்தில் ஒரு படம் போட்டிருக்கிறார். இரண்டு கம்பம், நடுவில் வரிவரியாகக் கோடு. பக்கத்தில், "இந்த வெளிச்சத்துக்குக் குறுக்க கை வந்தா பிரஸ் இறங்காது" என்று எழுதியிருக்கிறார். இது தூசிக்குப் போடும் மறைப்பா அண்ணா?

இதைப் படித்த பிறகு அயூப் அண்ணனைக் கேட்டேன், கம்பெனியிலிருந்து ஏதாவது காகிதம் வந்ததா என்று. முதலில் இல்லை என்றான். பிறகு சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். விசாரணை அறிக்கை. "மின் பராமரிப்புத் தொழிலாளி தன்னிச்சையாகப் பாதுகாப்புக் கருவியைத் துண்டித்துவிட்டு வேலை செய்ததால் நேர்ந்த விபத்து" என்று இருக்கிறது. சாட்சிக் கையெழுத்து உங்களுடையது. தேதி மே 12.

மஹீனின் பள்ளி வேனில் உங்கள் கம்பெனிக்காரர் ஒருவரின் மகன் வருகிறான். "உங்க அத்தாதானே ஒயரக் கழட்டிவிட்டாரு, அதான் செத்துட்டாரு" என்றானாம். அவள் வந்து என்னிடம் கேட்கிறாள், "அத்தா ஏம்மா அப்டி செஞ்சாரு?" என்று.

நீங்கள் அவரோடு பழகிய பதினான்கு வருஷத்தின் மேல் வைத்துக் கேட்கிறேன். அந்த 'ஜே' நீங்கள்தானா?

ருக்ஸானா


ருத்ரபூர்,
2.9.2007

ருக்ஸானா,

இன்று ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போனேன். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். மூன்று தாள் எழுதிக் கிழித்தாயிற்று. இதைக் கிழிக்காமல் தபாலில் போட வேண்டும்.

நான்தான்.

ஏப்ரல் மாதம் ஆர்டர் கழுத்தை நெரித்தது. கர்ட்டன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பிரஸ்ஸை நிறுத்திக்கொண்டே இருந்தது. பிளான்ட் தலைவர் ஸ்ரீரங்கன் சார் என்னைக் கூப்பிட்டு, "என்ன பண்ணுவியோ எனக்குத் தெரியாது, பிரஸ் நிக்கக் கூடாது" என்றார். வயர் போடு என்று அவர் வாயால் சொல்லவில்லை. அதை நான்தான் சொன்னேன். வாஜித் முடியாது என்றான். "இன்னா மச்சான், பயந்துகினு கீற? ஒரு நாள்தான்டா" என்று சிரித்தேன். அந்த ஒரு நாள் மூன்று வாரம் ஆனது. அவன் எழுதியிருப்பது ஒவ்வொரு வரியும் உண்மை.

மே 12 சனிக்கிழமை, மத்தியானம் மூன்றேகால். ஆப்பரேட்டர் டீக்குப் போயிருந்தார். நாலாம் நம்பரில் ஒரு துண்டுத் தகடு டை அச்சுக்குள் சிக்கிக்கொண்டது. வாஜித் வயரைப் பிடுங்கத்தான் பிளையரோடு வந்தான். "முதல்ல இத எடுத்துவுடு, அப்பறம் உன் வயரப் புடுங்கிக்க" என்றேன். அவன் பின்பக்கமாகப் போய்க் குனிந்து கையை உள்ளே விட்டான். நான் முன்பக்கம் பேனலில் நின்றேன். ஆபீஸ் அறையில் இருந்தேன் என்று உனக்கு எழுதியது பொய். "ஆச்சா?" என்று கத்தினேன். பக்கத்து பிரஸ் சத்தத்தில் "ஆச்சு" என்று கேட்டமாதிரி இருந்தது. அவன் சொன்னானா, எனக்கே அப்படிக் கேட்டதா, இன்றுவரை தெரியாது. பிரஸ்ஸை இறக்கும் இரண்டு பட்டனையும் அழுத்தினேன்.

அந்த வயர் இல்லாமல் இருந்திருந்தால், பின்பக்கத்துக் கர்ட்டனில் அவன் கை பட்டு பிரஸ் அசைந்திருக்காது.

உடனே முடிந்துவிட்டது என்று எழுதியதும் பொய். கம்பெனி வேனில் போட்டுக்கொண்டு ஜிஎஸ்டி ரோட்டில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தலை என் மடியில் இருந்தது. இருபது நிமிஷம் உயிர் இருந்தது. நினைவும் இருந்தது. "மச்சான், நான் போட்ட வயராலயா?" என்று கேட்டான். இரண்டு தடவை கேட்டான். இல்லடா, நான்டா பட்டன அமுத்துனேன், நான்தான்டா போடச் சொன்னேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வேனில் ஸ்ரீரங்கன் சாரும் இருந்தார். "பேசாத, பேசாத" என்று மட்டும் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

சாயங்காலமே அந்த விசாரணைக் காகிதத்தைக் கையெழுத்துக்கு நீட்டினார்கள். "போனவன் திரும்பி வரப்போறதில்ல. நீ உள்ள போய்ட்டா உன் குடும்பத்த யார் பாக்கறது?" என்றார் ஸ்ரீரங்கன் சார். போட்டேன். அடுத்த மாதம் இங்கே மேனேஜர் ஆக்கி அனுப்பினார்கள்.

ஸ்கேனர் பற்றியும் பொய்தான் சொன்னேன். அதை ஓட வைக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இதை வெளியே கொண்டுபோகாதே. மெட்டில்டாவுக்கு ஒன்றுமே தெரியாது. என் பெரியவன் பத்தாவது படிக்கிறான். மஹீனை என் பிள்ளையாகப் படிக்க வைக்கிறேன், கல்யாணம்வரை என் பொறுப்பு. வாஜித் இருந்திருந்தால் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான், அது உனக்கே தெரியும். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

ஜேசன்


கீழ்க்கட்டளை,
26.9.2007

திரு. ஜேசன் அவர்களுக்கு,

ரமலான் நோன்பு நான்காம் நாள் என் இத்தா முடிந்தது. மறுநாள் காலையில் நான் முதலில் போனது அடக்கஸ்தலத்துக்கு. பெண்கள் உள்ளே போவதில்லை என்பதால் கேட் பக்கம் நின்று துஆ செய்துவிட்டுத் திரும்பினேன். அதற்கடுத்த நாள் தாம்பரம் போனேன். கோர்ட்டுக்கு எதிரில் வழக்கறிஞர் சரோஜினி அம்மாள் என்று இருக்கிறார்கள், தொழிலாளர் வழக்குகள் பார்ப்பவர்கள்.

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நோட்டின் பக்கங்களை எடுத்த மாதிரியே அதையும் ஒவ்வொரு தாளாகக் கண்ணாடியில் வைத்து எடுத்தேன். பேனாவால் எழுதியது, கூட்டிக் குறைக்க வேண்டிய வேலையே இருக்கவில்லை. பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோய்ப் பிரிண்ட் எடுத்து, அசலோடு அவர்களிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் படித்து முடித்துவிட்டு, "இதை அவர் உங்களை நம்பி எழுதியிருக்கார்மா. கொடுக்கறதா வேணாமான்னு நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்கள். நான் பத்து நாள் யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன். தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்தில் மனு போன திங்கட்கிழமை சேர்ந்துவிட்டது.

அயூப் அண்ணன் என்னோடு பேசுவதில்லை. "அந்தாளு குடும்பமும் நடுத்தெருவுக்கு வந்தா உனக்குக் குளுந்துடுமா?" என்று கேட்டான். குளிரவில்லை. அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் என் கையால் சோறு தின்றவர்கள்.

பட்டனை நீங்கள் அழுத்தியதற்காக நான் இதைச் செய்யவில்லை. முதல் தடவை படித்தபோது, அந்த இடத்தில் உங்களுக்காகவும் அழுதேன். அந்தச் சத்தத்தில் யாருக்குத்தான் காது கேட்கும்? வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். சாயங்காலம் போட்ட கையெழுத்தைக்கூட, பயந்து போட்டது என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். அவர் இருந்திருந்தால் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் சரிதான். உங்களுக்காக எதையும் தாங்கியிருப்பார்.

ஆனால் இருபது நிமிஷம் அவர் தலை உங்கள் மடியில் இருந்திருக்கிறது. கேட்டிருக்கிறார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. கையில் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஒரு சுவிட்சை மாட்டினால்கூட மூன்று தரம் திருகிப் பார்க்கிறவர் அவர். தன் வேலையாலேயே தான் சாகிறோம் என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடியிருக்கிறார். "இல்லடா" என்று ஒரு சொல் போதும். அதைச் சொல்ல உங்களுக்கு எந்தக் காகிதமும் வேண்டியிருக்கவில்லை, யார் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கடிதத்தைக் கீழே வைத்துவிடுகிறேன். அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை.

மஹீனிடம் உட்கார வைத்துச் சொன்னேன். அத்தா வயரை எடுக்கத்தான் போனார், போட்டே வைத்திருக்கச் சொன்னது வேறு ஆள் என்று. "யாரும்மா?" என்றாள். பெயரைச் சொல்லவில்லை. பெரியவளானால் காகிதத்தில் படித்துக்கொள்ளட்டும். அவள் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் அனுப்ப வேண்டாம்.

மெட்டில்டா அக்கா இந்த ஞாயிறும் வந்தார்கள். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழமும் ரோஸ்மில்க் பாட்டிலும் வாங்கி வந்திருந்தார்கள். மஹீனுக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னிவிட்டார்கள். "இப்பதான் உன் மொகத்துல கொஞ்சம் தெளிவு வந்திருக்கு, ருக்கு" என்றார்கள். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய் நின்றுகொண்டேன். அவர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். என் வாயால் கேட்க வேண்டிய செய்தி இல்லை அது. இரண்டு மூன்று வாரத்தில் உங்கள் சேலையூர் முகவரிக்கும் அலுவலகத் தபால் வரும் என்றார்கள் வழக்கறிஞர். அதற்கு முன்னால் ரயிலேறி வந்து, அவர்கள் முன்னால் உட்கார்ந்து நீங்களே சொல்லிவிடுங்கள்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். எழுதினால் திறக்காமல் சரோஜினி அம்மாளிடம் கொடுத்துவிடுவேன். ஆய்வாளர் கூப்பிட்டு, நாலாம் நம்பர் பிரஸ்ஸில் அந்த வயர் யாரால் இருந்தது என்று உங்களைக் கேட்பார். உங்கள் மடியில் கிடந்து என் வீட்டுக்காரர் கேட்டதும் அதே கேள்விதான். இந்தத் தடவை பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ருக்ஸானா வாஜித்